பழைய லாரிக்கு எஞ்சின் வேலையா, வேறு எஞ்சினா? முழுமையான வழிகாட்டி

சேசிஸ் உறுதியாக இருக்கிறது. கேபினுக்கும் பாடிக்கும் குறை சொல்ல முடியாது. பெர்மிட்டும் கையில் இருக்கிறது. ஆனால் சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில் தொப்பூர் ஏற்றம் வந்தால் மட்டும் வண்டி இரண்டாவது கியருக்கு இறங்கி முக்குகிறது. டீசலும் அதிகம் குடிக்கிறது, ஆயிலும் குறைகிறது. "போர் எடுத்துடலாம்" என்கிறார் ஒரு மெக்கானிக். "இதை எடுத்துப் போட்டுட்டு கம்மின்ஸ் வெச்சிடுங்கண்ணே" என்கிறார் இன்னொருவர். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

பழைய லாரி வாங்கித் தொழிலுக்கு வரும் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கத்தான் வேண்டும். அவசரப்படாமல் ஒவ்வொரு படியாகப் போவோம். எஞ்சினைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். உதாரணத்துக்கு நம் சாலைகளில் நிறையப் பார்க்கும் ஆறு சக்கர டாடா 1613-ஐ எடுத்துக்கொள்வோம். அசோக் லேலண்ட் வைத்திருப்பவருக்கும் இதே வரிசைதான்.

முதலில் வண்டியின் பெயரைப் படிப்போம்

டாடாவில் 1613 என்றால் ஏறத்தாழ 16 டன் மொத்த எடை, 130 குதிரைத்திறன் என்று பொருள். 2515 என்றால் 25 டன், 150 குதிரைத்திறன். எஞ்சின் பெயரிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பழைய டாடா எஞ்சினான 697 என்றால் 6 சிலிண்டர், 97 மி.மீ. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். 407 வண்டியில் வந்த 497 எஞ்சினுக்கு 4 சிலிண்டர், போர் அதே 97 மி.மீ.

697-ன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 128 மி.மீ. ஆகவே எஞ்சின் 5,675 சி.சி. பலரும் மாற்றிப் போட ஆசைப்படும் கம்மின்ஸ் 6பிடி எஞ்சினுக்கு போர் 102 மி.மீ., ஸ்ட்ரோக் 120 மி.மீ. அது 5,883 சி.சி. இரண்டுக்கும் வித்தியாசம் 208 சி.சி.தான். பழைய, டர்போ இல்லாத 697-க்கும் டர்போ வைத்த கம்மின்ஸுக்கும் இழுவையில் தெரியும் பெரிய வித்தியாசம் அளவால் வருவதல்ல. உள்ளே போகும் காற்றாலும், அந்தக் காற்றுக்கு ஏற்ற டீசலாலும் வருவது. இது மனதில் இருந்தால் பாதி விற்பனைப் பேச்சு நம்மிடம் எடுபடாது.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. செலவும் சிக்கலும் இதே வரிசையில் ஏறும்.

1. டியூனிங்: பம்ப், நாசில், டேப்பட், ஃபில்டர் ஆகியவற்றைச் சரிசெய்வது. எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

2. முழு எஞ்சின் வேலை: எஞ்சினை இறக்கிப் பிரித்து லைனர் (சிலிண்டரின் உள்ளுறை), பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் எல்லாம் பார்த்து மறுபடி கட்டுவது.

3. மேம்பாடு: எஞ்சின் வேலையோடு சேர்த்து டர்போ, இன்டர்கூலர், பெரிய ரேடியேட்டர் போன்றவற்றைச் சேர்ப்பது.

4. எஞ்சின் மாற்றம்: அதே வகை எஞ்சின் ஒன்றை வைப்பது ஒரு வகை. வேறு வகை எஞ்சினை வைப்பது இன்னொரு வகை. பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொன்னாலும் செலவிலும் சட்டத்திலும் இரண்டும் வேறு வேறு.

படி 1: குறை எஞ்சினில்தானா?

இழுவை இல்லை என்றதும் எஞ்சினைப் பிரிக்கப் போகக் கூடாது. செலவில்லாத சோதனைகளை முதலில் முடிப்போம்.

சமதரையில் நியூட்ரலில் வண்டியை உருள விட்டுப் பாருங்கள். சீக்கிரம் நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், வீல் பேரிங் இறுக்கமாக இருக்கலாம். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டீசல் லைனில் காற்று இழுப்பு, அடைத்த சைலன்சர் ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். குறை இவற்றில் இருந்தால் சில ஆயிரங்களோடு வேலை முடிந்துவிடும்.

அடுத்து புகை. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் கூடுதல். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

பிறகு பேக் கம்ப்ரஷன். எஞ்சின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி, வாயின் மேலேயே தலைகீழாக வையுங்கள். நல்ல எஞ்சினில் மூடி இலேசாக ஆடிக்கொண்டு அங்கேயே இருக்கும். தேய்ந்த எஞ்சினில் மூடி துள்ளும், எகிறி விழும், வாயிலிருந்து புகை மூச்சு மூச்சாக வரும். ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது என்பதற்கு இது சாட்சி.

கடைசியாகக் கம்ப்ரஷன் டெஸ்ட். ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துப் பார்த்து ஆறு எண்களையும் எழுதி வாங்குங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் கோளாறு அங்கே இருக்கிறது. ஆறும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் எஞ்சின் முழுக்கத் தேய்ந்திருக்கிறது. ஆறும் நன்றாக இருந்தால் நமக்கு வேண்டியது பம்ப் நாசில் கடை. லேத் பட்டறை இப்போது வேண்டாம்.

படி 2: எஞ்சினைத் தவிர மீதி வண்டி எப்படி இருக்கிறது?

ஆர்வத்தில் பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். எஞ்சினுக்குப் போடும் பணம் மீதி வண்டி தாங்கும் காலத்துக்குத்தான் பயன்படும்.

சேசிஸ் நீளவாட்டில் விரிசல், பழைய வெல்டிங், பட்டை மாட்டும் இடங்களில் துரு இருக்கிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். கியர் பாக்ஸ், கிரவுன்–பினியன், ஸ்டீயரிங், கேபின் அடித்தளம் ஆகியவற்றுக்கு இன்னும் இரண்டு ஆண்டில் என்ன செலவு வரும் என்று ஒரு பட்டியல் போடுவோம்.

வண்டியின் வயதையும் பார்க்க வேண்டும். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். வயது ஏற ஏற எஃப்.சி. கட்டணமும் கூடுகிறது. டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. வடக்கே லோடு ஓட்டும் எண்ணம் இருந்தால் பழைய வண்டியில் பெரிய தொகையை முடக்குவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

படி 3: ஆர்.சி. என்ன சொல்கிறது?

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.சி.யை எடுத்து வைத்துக்கொள்வோம். அதில் எஞ்சின் எண், குதிரைத்திறன் அல்லது சி.சி., எரிபொருள், மாசு விதி, மொத்த எடை எல்லாம் பதிவாகியிருக்கின்றன.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவுதான் இங்கே நமக்கு வழிகாட்டி. உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. எஞ்சினை மாற்றினால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் உற்பத்தியாளரின் மூல விவரத்துக்கு முரணான மாற்றம் கூடாது என்று தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 182ஏ பிரிவின் கீழ் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்?

முழு எஞ்சின் வேலை செய்தால் பிளாக் அதேதான், எண்ணும் அதேதான். ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டியதில்லை.

எஞ்சின் வேலையின் நடுவே பிளாக் விரிசல் என்று தெரிந்து வேறு பிளாக் போட்டால் எண் மாறுகிறது. சட்டப்படி அது எஞ்சின் மாற்றம். "பிளாக்தானே மாத்தினோம்" என்று விட்டுவிடக் கூடாது.

அதே வகை எஞ்சினை மாற்றினால் எண் மட்டும்தான் மாறும். பதிவு எளிது.

வேறு வகை எஞ்சின் என்றால் திறனும் சி.சி.யும் மாறும். முன் அனுமதி எழுத்தில் கைக்கு வராமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால் அந்த யோசனையை அதோடு விட்டுவிடுவோம்.

மாசு விதியையும் மறக்கக் கூடாது. நாடு முழுக்க பி.எஸ். 4 விதி 2017 ஏப்ரலிலும், பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரலிலும் வந்தன. பி.எஸ். 4 வண்டியில் பி.எஸ். 2 எஞ்சினை வைக்க நினைக்கவே வேண்டாம். புதிய எஞ்சினைப் பழைய வண்டியில் வைப்பதும் சுலபமல்ல. காமன் ரெயில் எஞ்சினோடு ஈ.சி.யூ., ஒயரிங், சென்சார்கள், ஆக்ஸிலரேட்டர் பெடல் வரை எல்லாம் சேர்ந்து வர வேண்டும். பி.எஸ். 6 என்றால் யூரியா டேங்கும் சைலன்சரில் உள்ள சுத்திகரிப்பு அமைப்பும் கூடவே வர வேண்டும்.

படி 4: பழைய எஞ்சினையே தேற்றுவது எப்படி?

பெரும்பாலான வண்டிகளுக்கு இந்த வழிதான் பொருந்தும். வேலையை வரிசையாகச் செய்தால் பணம் வீணாகாது.

முதலில் கழுவி, பிரித்து, அளப்பது. ஹெட்டைக் கழற்றியதும் லைனரின் மேல் பகுதியில் உங்கள் நகத்தை வைத்துக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். மேல் ரிங் ஏறி நிற்கும் இடத்தில் நகம் ஒரு படியில் தட்டினால் லைனர் தேய்ந்திருக்கிறது. நகம் சொல்வது குறிப்பு மட்டும்தான். போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாகவும் அளந்து எழுதி வாங்குவோம்.

அடுத்து பிளாக், ஹெட் இரண்டுக்கும் விரிசல் சோதனை. பிளாக் தேறுமா என்று தெரியாமல் ஒரு பிஸ்டன்கூட வாங்கக் கூடாது. இந்த ஒரு விதியே பல லாரிக்காரர்களின் பணத்தைக் காப்பாற்றும்.

மூன்றாவது, கிராங்க் ஷாஃப்ட். தேய்மானத்தைப் பொறுத்து 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாக கிரைண்டிங் செய்து, அந்த அளவுக்கு அண்டர்சைஸ் பேரிங் போடுவார்கள். உங்கள் கிராங்க் இதுவரை எத்தனை படி இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். கடைசிப் படியில் இருந்தால் இன்னொரு கிராங்கின் விலையையும் எஸ்டிமேட்டில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, பிஸ்டனும் போரும். பிஸ்டன் செட் கைக்கு வந்த பிறகு அதை அளந்துதான் போர் எடுத்து ஹோனிங் செய்ய வேண்டும். போரை எடுத்துவிட்டு அதற்குப் பிஸ்டன் தேடி அலையக் கூடாது. 697-ல் லைனரை மாற்றினால் மறுபடி 97 மி.மீ. அளவுக்கே வந்துவிடலாம். கம்மின்ஸ் 6பிடி எஞ்சினில் தனி லைனர் கிடையாது. பிளாக்கிலேயே 0.50 அல்லது 1.00 மி.மீ. கூட்டிப் போர் எடுத்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள்.

ஐந்தாவது, ஹெட். வால்வு சீட், கைடு, சீல், முகத்தின் மட்டம் எல்லாம் பார்க்க வேண்டும். ஆறாவது, ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் கழுவுதல். ஏழாவது, டீசல் பம்பும் நாசிலும் டெஸ்ட் பெஞ்சில் ஏறி, கம்பெனி அளவுக்கு காலிபரேஷன் ஆக வேண்டும். புது பிஸ்டனோடு பழைய நாசிலைப் போட்டு வண்டியைக் கட்டினால் செய்த வேலை சீக்கிரமே கெடும். சரியாகத் தெளிக்காத நாசில் பிஸ்டன் தலையைச் சுட்டுவிடும்.

கட்டும்போது ஹெட் போல்ட்டுக்கும் பேரிங் போல்ட்டுக்கும் டார்க் ரெஞ்ச் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். "கை பழக்கம்ணே" என்று சொல்லும் பட்டறையாக இருந்தால், கும்பிட்டுவிட்டு அடுத்த பட்டறைக்கு நடப்போம்.

டர்போ போடலாமா?

டர்போ இல்லாத எஞ்சினுக்கு டர்போ வைப்பது கேட்க எளிது. சைலன்சர் மேனிஃபோல்டை மாற்றி, டர்போவை மாட்டி, ஆயில் லைன் கொடுத்தால் வேலை முடிந்தது என்பார்கள். அப்படி முடிவதில்லை.

கம்பெனியே டர்போ எஞ்சினாக விற்கும்போது பிஸ்டன், ரிங், கேஸ்கெட், ஆயில் கூலர், பம்ப் செட்டிங் எல்லாம் அதற்கேற்ப மாறியிருக்கும். காற்று கூடும்போது டீசலும் கூடுகிறது, சிலிண்டர் அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. சாதாரணப் பிஸ்டனில் இதைச் சுமத்தினால் ஹெட் கேஸ்கெட் முதலில் போகும், பிறகு பிஸ்டன். இப்படித் திறனைக் கூட்டுவதும் 52-வது பிரிவின் கண்ணில் ஒரு மாற்றம்தான்.

டர்போ ஏற்கெனவே உள்ள எஞ்சினில் செய்யக்கூடிய நல்ல மேம்பாடுகள் உண்டு. டர்போவில் ஷாஃப்ட் ஆட்டம் இருந்தால் மாற்றுவது, இன்டர்கூலரைக் கழுவிக் கசிவைப் பார்ப்பது, ஏர் ஃபில்டர் ஹோஸ் விரிசலை மாற்றுவது, ரேடியேட்டர் கோர் புதுசு போடுவது. எஞ்சினுக்கு வெளியே ரேடியல் டயர், சரியான வீல் அலைன்மென்ட் இரண்டும் மைலேஜில் உடனே தெரியும்.

பம்பைத் திருகி டீசலைக் கூட்டி "பிக்கப் ஏத்தித் தர்றேன்" என்பவரிடம் வண்டியை விடக் கூடாது. அதில் வருவது கறுப்புப் புகை. பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. அதைத் தாண்டினால் சான்றிதழ் கிடைக்காது.

படி 5: எஞ்சினை மாற்றுவது எப்போது, எப்படி?

பிளாக் விரிசல், கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்தது, கிராங்க் தேறாது, உதிரி கிடைக்கவில்லை ஆகிய நான்கில் ஒன்று இருந்தால்தான் மாற்றத்தை யோசிக்க வேண்டும்.

அப்போதும் அதே வகை எஞ்சின்தான் நம் முதல் தேர்வு. டாடா மோட்டார்ஸ் 'புரோலைஃப்' என்ற பெயரில் தன் எஞ்சின்களை மறுகட்டமைப்பு செய்து எக்ஸ்சேஞ்ச் முறையில் தருகிறது. பழைய எஞ்சினைக் கொடுத்து, கட்டிய எஞ்சினை பில்லோடும் வாரன்டியோடும் வாங்கலாம். உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று டீலரிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வழி, பழைய பொருள் சந்தை. சென்னை புதுப்பேட்டையிலும் நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பழைய வண்டிக் கடைகளிலும் எஞ்சின் கிடைக்கும். வாங்கும்போது கேட்க வேண்டியவை: அந்த எஞ்சின் இருந்த வண்டியின் பதிவு எண், ஆர்.சி. ரத்தான ஆவணம், ஜி.எஸ்.டி. பில், பில்லில் எஞ்சின் எண். பிளாக்கில் எண் அடித்த இடத்தைத் துணியில் டீசல் தொட்டுத் துடைத்து நீங்களே படியுங்கள். அரைத்து மறுபடி அடித்த தடம் தெரிந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் அந்த எண் திருட்டு வண்டியுடையதா என்று பார்க்க முடியும்.

அனுமதி கிடைத்து வேறு வகை எஞ்சினை வைப்பதானால் மாற வேண்டியவற்றின் பட்டியல் நீளும். எஞ்சின் மவுண்டிங், பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச், ரேடியேட்டர், ஃபேன் கவசம், சைலன்சர் பைப், ஏர் ஃபில்டர் குழாய், ஆக்ஸிலரேட்டர் இணைப்பு, மீட்டர்கள் எல்லாம் அதில் வரும். எஞ்சின் சற்று முன்னே பின்னே உட்கார்ந்தால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளமும் கோணமும் மாறும். பவர் ஸ்டீயரிங் பம்பும் பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரஸரும் எஞ்சினில்தான் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

திறன் கூடினால் அந்தச் சுமை கிளட்ச், கியர் பாக்ஸ், கிரவுன்–பினியன் என்று வரிசையாக இறங்கும். பிரேக் மட்டும் பழைய பிரேக்காகவே இருக்கும். தொப்பூரில் ஏறும்போது கூடுதல் குதிரைத்திறன் சுகம்தான். அதே கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது வண்டியை நிறுத்த வேண்டியது பிரேக். எவ்வளவு பெரிய எஞ்சினை வைத்தாலும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது. கூடுதல் திறனைக் காட்டிக் கூடுதல் லோடு ஏற்ற முடியாது.

எவ்வளவு செலவாகும்?

விலை ஊருக்கு ஊர், பிராண்டுக்கு பிராண்டு மாறும். ஆகவே எஸ்டிமேட் வாங்கும் முறையைக் கற்றுக்கொள்வோம். எஞ்சின் வேலை, எஞ்சின் மாற்றம் என்ற இரண்டு வழிக்கும் இரண்டு பட்டறையில் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து தலைப்பாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: உதிரி, லேத் வேலை, பம்ப் நாசில், மெக்கானிக் கூலி, ஆயில்–கூலன்ட். மாற்றத்துக்கு இன்னும் மூன்று சேர்க்க வேண்டும்: ஃபேப்ரிகேஷன், ஆர்.டி.ஓ. கட்டணமும் அலைச்சலும், இன்சூரன்ஸ் திருத்தம். பழைய எஞ்சினை விற்று வரும் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம். மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குவோம்.

வண்டி நிற்கும் நாளுக்கும் விலை உண்டு. தவணை, காலாண்டு வரி, இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் எதுவும் நிற்காது. ஒரு நாள் வாடகையில் டீசலும் படியும் போக மிஞ்சுவது எவ்வளவோ, அதை நிற்கும் நாட்களால் பெருக்கி எஸ்டிமேட்டில் எழுதுங்கள். முழு எஞ்சின் வேலைக்கு நாள் கணக்கு ஓரளவு சொல்ல முடியும். வேறு வகை எஞ்சின் மாற்றத்தில் அனுமதிக்கும் ஃபேப்ரிகேஷனுக்கும் யாரும் தேதி சொல்ல முடியாது.

போட்ட பணம் எப்போது திரும்பும்?

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். எண்கள் புரிவதற்காக நாம் வைத்துக்கொள்பவை. உங்கள் எண்களைப் போட்டு மறுபடி செய்யுங்கள்.

வண்டி மாதம் 6,000 கி.மீ. ஓடுகிறது. டீசல் லிட்டர் 92 ரூபாய். இப்போது மைலேஜ் 4.0. எஞ்சின் வேலை செய்தால் 4.5, எஞ்சினை மாற்றினால் 4.8 வரும். வேலைக்கு 2 லட்சம், மாற்றத்துக்கு 4.5 லட்சம் செலவு.

இப்போது மாதம் 1,500 லிட்டர் செலவாகிறது. எஞ்சின் வேலைக்குப் பிறகு 1,333 லிட்டர். மிச்சம் 167 லிட்டர், சுமார் 15,300 ரூபாய். 2 லட்சம் 13 மாதத்தில் திரும்பிவிடும்.

எஞ்சினை மாற்றினால் 1,250 லிட்டர். மிச்சம் 250 லிட்டர், 23,000 ரூபாய். 4.5 லட்சம் 20 மாதத்தில் வந்துவிடும் என்பார் விற்பவர். கணக்கு சரிதான், ஒப்பீடுதான் தவறு. தேய்ந்த எஞ்சினோடு ஒப்பிடுகிறார் அவர். நாம் கட்டிய எஞ்சினோடு ஒப்பிட வேண்டும். அப்போது கூடுதல் மிச்சம் மாதம் 83 லிட்டர், சுமார் 7,600 ரூபாய். கூடுதல் செலவோ 2.5 லட்சம். திரும்ப 33 மாதம் ஆகும்.

இதே வண்டி மாதம் 2,500 கி.மீ. மட்டும் ஓடினால் எஞ்சின் வேலைப் பணம் திரும்பவே 31 மாதம். மாற்றத்தின் கூடுதல் பணம் திரும்ப ஆறரை ஆண்டு. உள்ளூரில் மணல், செங்கல் ஓட்டும் பழைய வண்டிக்கு அவ்வளவு காலம் கையில் இருக்காது.

எங்கெல்லாம் ஜாக்கிரதை?

பைனான்ஸ் பாக்கி இருந்தால் எஞ்சினை மாற்ற அவர்களின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

எஞ்சின் எண் மாறியதும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் திருத்துங்கள். ஆர்.சி.யில் ஒரு எண், வண்டியில் ஒரு எண் என்றிருந்தால் விபத்துக் கிளைம் சிக்கலாகும், எஃப்.சி.யும் நிற்கும்.

கழற்றிய பழைய உதிரிகள் அனைத்தையும் கேட்டு வாங்குங்கள். மாற்றியதாக பில் போட்டு மாற்றாமல் விடுவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் ஆகியவற்றின் பெட்டிகளை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். போலிப் பெட்டிகள் நிறைய உலவுகின்றன.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். உதிரிக்கு ஒரு பகுதி, லேத் முடிந்ததும் ஒரு பகுதி, லோடு ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகு மீதி.

வண்டி கைக்கு வந்த பிறகு

புதிதாகக் கட்டிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷரைப் பாருங்கள். தண்ணீர், டீசல், ஆயில் கசிவு பாருங்கள். முதல் 1,000 முதல் 2,000 கி.மீ. வரை பாதி லோடில் ஓட்டுவோம். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டவும் வேண்டாம், ஐட்லிங்கில் நெடுநேரம் விடவும் வேண்டாம். இந்த ஓட்டம் முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, டேப்பட் பார்த்து, பட்டறை சொல்லும் முறைப்படி ஹெட் போல்ட்டைச் சோதிக்க வேண்டும். டர்போ வண்டியில் ஏற்றம் ஏறி வந்ததும் உடனே சாவியைத் திருப்பாமல் இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள்.

டீசல் போடும்போதெல்லாம் கி.மீ., லிட்டர், ஊற்றிய ஆயில் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை இந்தக் கேள்வி வரும்போது யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

முடிவாக எதைத் தேர்ந்தெடுப்பது?

கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் டியூனிங் போதும். கம்ப்ரஷன் போய் பிளாக் நன்றாக இருந்தால் முழு எஞ்சின் வேலை. பிளாக் போயிருந்தால் அதே வகை எஞ்சின், பில்லோடும் ஆர்.சி. பதிவோடும். வேறு வகை எஞ்சின் என்பது மாதம் நிறைய ஓடுகிற, சேசிஸ் திடமான, எழுத்தில் அனுமதி கிடைத்த வண்டிக்கு மட்டும். இந்த நான்கில் எதிலும் சேராமல் மீதி வண்டியும் தேய்ந்திருந்தால் எஞ்சினுக்குப் பணம் போடாதீர்கள். அந்தத் தொகையை அடுத்த வண்டிக்கு முன்பணமாகக் கட்டுங்கள்.

நாளை காலையில் பட்டறைக்குப் போனால் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, ஆறு சிலிண்டரின் கம்ப்ரஷன் எண்களை. அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகு பேரத்தைத் தொடங்குங்கள்.